மையும் தாளும் போதுமா?



புதிய ஏற்பாட்டிலுள்ள மிகச் சிறிய நூல்கள் புனித அருளப்பரின் இரண்டாம், மூன்றாம் திருமுகங்களாகும். ஒவ்வொன்றும் ஒரு தாளின் ஒரு பக்கத்திலேயே அடங்கிவிடும். இவ்விரண்டையும் முடிக்கும்போது அருளப்பர் ஏறக்குறைய ஒரே காரியத்தைத்தான் சொல்லுகிறார். தாம் எழுத வேண்டியவை இன்னும் எவ்வளவோ உண்டென்றும், ஆனால் அவற்றை மைகொண்டு எழுதத் தமக்கு மனமில்லையென்றும், நேரில் வந்து முகமுகமாய்ப் பேசவே ஆசைப்படுவதாகவும் தெரிவிக்கிறார். அப்பொழுதுதான் மகிழ்ச்சி நிறைவடையும் என்பது அவருடைய எண்ணம்.

அக்காலத்தில் கடிதம் எழுதுவது எளிய காரியமன்று. நாணற் புல்லிலிருந்து செய்த தாள் விலையுயர்ந்தது. எழுதத் தெரிந்தவர்கள் சிலரே. புனித சின்னப்பர் உரோமையருக்கு விடுத்த திருமுகத்தைக்கூட அவர் சொல்லச் சொல்லத் தெர்த்தியு என்பவரே எழுதினார். பெபேயாள் என்னும் பெண்மணி அதனை உரோமைக்குக் கொண்டு சென்றிருக்க வேண்டுமென்று அறிஞர் கருதுவர். உரோமையர் அமைத்த கல் வீதிகளும், அலெக்சாந்திரியாவிலிருந்து தானியம் ஏற்றிச் சென்ற கப்பல்களும் அன்றைய உலகின் பெரும் வசதிகள். அப்போஸ்தலர்கள் இவற்றையெல்லாம் தயக்கமின்றிப் பயன்படுத்தினார்கள். புதியது என்று எதையும் அவர்கள் வெறுத்ததில்லை.

ஆயினும் கடிதத்தால் ஆகாத ஒன்று உண்டு என்பதையும் அவர்களே கண்டிருந்தார்கள். சிறையிலிருந்த சின்னப்பர் தீமோத்தேயுவிடம் தமது போர்வையையும், புத்தகங்களையும், தோற்சுருள்களையும் கேட்கிறார். அத்துடன் நிறுத்தவில்லை. குளிர்காலம் தொடங்குமுன் நீயே வந்துவிடு என்று கெஞ்சிக் கேட்கிறார். போர்வை உடலின் குளிரைப் போக்கும். தனிமையின் குளிரைப் போக்க ஓர் ஆள்தான் வரவேண்டும்.

இன்று மையும் தாளும் மாறிவிட்டன. அருளப்பருக்கு இருந்த கேள்வி மட்டும் மாறவில்லை. அனுப்புவது போதுமா, போகவும் வேண்டுமா என்பதே அக்கேள்வி.

சுமைதாங்கியும் சங்கடப்படலையும்

எமது யாழ்ப்பாணக் குடாநாட்டின் பழைய வீதிகளிற் சுமைதாங்கிகள் நின்றன. சில இடங்களில் இன்றும் நிற்கின்றன. தலைச்சுமையோடு நடந்து வருபவன், மற்றொருவர் கைகொடுக்காமலே சுமையை இறக்கி வைத்து இளைப்பாறி, மீண்டும் தூக்கிக்கொண்டு போவதற்கு வசதியாக ஆள் உயரத்துக்குக் கட்டப்பட்டவை அவை. வயிற்றிற் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அவளுடைய வீட்டார் அதனைக் கட்டுவிப்பது வழக்கம். தங்கள் வீட்டுத் துயரத்தை ஊரவனுக்கு ஆறுதலாக மாற்றிய வழக்கம் அது. இதுபோலவே வீட்டு வாசலிற் கூரையிட்ட சங்கடப்படலை இருந்தது. வெயிலில் அல்லது மழையில் அகப்பட்ட வழிப்போக்கன் வீட்டாரைக் கேளாமலே அதன் கீழ் ஒதுங்கலாம்.

பின்னர் புகையிரதம் வந்தது. 1905ஆம் ஆண்டில் யாழ்ப்பாணமும் கொழும்பும் இருப்புப் பாதையால் இணைந்தன. துவிச்சக்கர வண்டியும், பஸ்ஸும், லொறியும் வந்தன. சுமைதாங்கிக்கு வேலை இல்லாமற் போயிற்று. அதற்காக நாம் அழ வேண்டியதில்லை. நெல் மூடையைத் தலையில் வைத்து நான்கு மைல் நடந்தவனைக் கேட்டால், லொறியை ஆசீர்வதிப்பான். ஆனால் சுமைதாங்கியோடு ஒரு நல்ல பழக்கமும் போய்விட்டது. முன்பின் அறியாத ஒருவனின் களைப்பை முன்கூட்டியே நினைத்து, அவனுக்காக ஒரு கல்லை நாட்டும் பழக்கமே அது. சங்கடப்படலை இருந்த இடத்தில் உயர்ந்த மதிலும் இரும்புப் படலையும் எழுந்தன. இப்பொழுது சில வீடுகளில் அழைப்பு மணியும் கண்காணிப்புக் கமராவும் சேர்ந்துள்ளன.

கருவிகள் எமது வேலையை எடுத்துக்கொள்கின்றன. அது நன்மையே. ஆனால் பல வேளைகளில், அந்த வேலையோடு ஒட்டியிருந்த அன்பையும் சேர்த்து நாமே கருவியிடம் கொடுத்துவிடுகிறோம். தவறு கருவியினுடையதன்று, கொடுத்த எம்முடையது.

செய்தி வந்தது, ஆள் வந்தார்

ஒரு மரணச் செய்தி எமது ஊர்களில் எப்படிப் பரவியது என்பதைச் சற்று நினைத்துப் பாருங்கள். முன்னாளிற் கோவில் மணி துக்கமாய் ஒலிக்கும். உறவினர்கள் ஊர் ஊராக நடந்து சென்று அறிவிப்பார்கள். 1925ஆம் ஆண்டில் கொழும்பில் வானொலி தொடங்கியது. பிற்காலத்தில் இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையில் மரண அறிவித்தல் வாசிக்கப்படும் வேளையில், வீட்டிலுள்ளவர்கள் பேச்சை நிறுத்திக் காதுகொடுத்த காட்சியை முதியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பெயரைக் கேட்டதும் புறப்படுவார்கள். மட்டக்களப்பிலிருந்தும் மன்னாரிலிருந்தும் பஸ் ஏறி, இரவோடிரவாகச் சாவீட்டுக்கு வந்து சேர்வார்கள். அந்நாளின் புதுக் கருவியான வானொலி, ஆட்களை ஒருவரிடம் ஒருவர் கொண்டுவந்து சேர்த்தது.

1990ஆம் ஆண்டின் பின்னர் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. புகையிரதம் இல்லை. துவிச்சக்கர வண்டியின் சில்லைச் சுழற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் வானொலி கேட்ட காலம் அது. ஒருவர் மிதிக்க, அயலவர் பலர் சுற்றியிருந்து செய்தி கேட்டார்கள். கடிதம் வந்து சேர மாதக்கணக்காகும். அத்துன்ப நாட்களை யாரும் திரும்பவும் விரும்பமாட்டார்கள். ஆனால் இருந்த ஒரே வானொலி, இருந்தவர் அனைவரையும் ஒரே முற்றத்தில் இருத்தியது என்பதும் உண்மை.

தெற்காசியாவில் முதன்முதலாக 1989ஆம் ஆண்டில் இலங்கையிலேயே கைத்தொலைபேசிச் சேவை தொடங்கியது. இன்று அது இல்லாத வீடு அரிது. மரணச் செய்தி ஒரு நிமிடத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து ரொறன்ரோவுக்கும் பாரிசுக்கும் போய்விடுகிறது. மறுநிமிடத்தில் நூறு பேரிடமிருந்து கைகூப்பிய சிறு படமும் இரங்கற் சொல்லும் வந்துவிடுகின்றன. அந்த இரங்கற் சொல்லைக்கூட இயந்திரமே எழுதிக் கொடுக்கும் காலம் வந்துவிட்டது. படத்தை அனுப்பியவரின் மனம் அமைதியடைகிறது. கடமை முடிந்தது என்று எண்ணிக்கொள்கிறார். அவருடைய வீடோ சாவீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளியிருக்கிறது. முன்பு செய்தி ஆளைக் கொண்டுவந்தது. இன்று செய்தியே ஆளின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

திருச்சபை புதுமையின் பகையன்று

இதைப் படிக்கும் வாலிபர் சிலர், சுவாமிமார் எப்பொழுதும் புதியதைக் குறைசொல்பவர்களே என்று எண்ணக்கூடும். அது சரியன்று. வானொலியை உலகறியச் செய்த மார்க்கோனியைக் கொண்டே வத்திக்கான் வானொலியை நிறுவுவித்தார் பாப்பரசர் பதினோராம் பத்திநாதர். 1931 பெப்ரவரி 12ஆம் நாள் அவருடைய குரல் அதன்மூலம் உலகுக்குக் கேட்டது. 1951இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர், அதிதூதரான புனித கபிரியேலைத் தொலைத்தொடர்புகளின் பாதுகாவலராக அறிவித்தார். இரண்டாவது வத்திக்கான் பொதுச் சங்கம் 1963 டிசம்பரில் வெளியிட்ட சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய ஏடு, இக்கண்டுபிடிப்புகளை வியந்து போற்றுகிறது. மனிதன் இறைவன் தந்த அறிவைக்கொண்டு இவற்றைக் கண்டான் என்கிறது. செயற்கை நுண்ணறிவு பற்றியும் 2025 ஜனவரியில் வத்திக்கான் ஓர் ஏட்டை வெளியிட்டது. அறிவை அது தடுக்கவில்லை. மனிதனின் இடத்தை இயந்திரம் எடுத்துக்கொள்ள விடாதீர்கள் என்றே எச்சரிக்கிறது.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று எமது நாட்டுக் கோவில்களிற் சிந்திய இரத்தத்தின் பின்னர், பொதுத் திருப்பலிகள் நிறுத்தப்பட்டன. அடுத்த ஞாயிறு கொழும்புப் பேராயர் ஒப்புக்கொடுத்த திருப்பலியை விசுவாசிகள் தொலைக்காட்சியிலேயே கண்டு அழுதார்கள். 2020ஆம் ஆண்டில் கொள்ளை நோய் பரவியபோதும் அவ்வாறே ஆயிற்று. அந்நாட்களிற் கருவிகள் செய்த உபகாரம் பெரிது. படுக்கையிலிருக்கும் முதியவர்களுக்கு இன்றும் அவை உபகாரமே.

ஆனால் வாசல் திறந்த பின்னரும், கால் நடக்கக்கூடிய சிலர் இன்னும் கதிரையிலிருந்தபடியே திருப்பலி “பார்க்கிறார்கள்”. இணையத்தில் திருவருட்சாதனங்கள் இல்லை என்று 2002ஆம் ஆண்டிலேயே வத்திக்கான் தெளிவாகக் கூறியிருந்தது. திரையிற் காணும் அப்பத்தை யாரும் உண்ண முடியாது. திரையினூடாக யாரும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கவும், நோயாளியின் நெற்றியில் எண்ணெய் பூசவும் முடியாது. எமது வேதம் தொட்டுக் குணமாக்கும் வேதம்.

ஆண்டவர் ஆள் அனுப்பினார். பின்பு தாமே வந்தார்

இதற்குக் காரணம் எமது விசுவாசத்தின் அடித்தளத்திலேயே இருக்கிறது. எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகத்தின் தொடக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். முற்காலத்தில் இறைவன் பலமுறை, பலவகையாகத் தீர்க்கதரிசிகள் வழியாகப் பேசினார். இறுதியிலே தம் திருமகன் வழியாகவே பேசினார் என்று அங்கே வாசிக்கிறோம். செய்தி அனுப்புவது போதுமானதாயிருந்தால் தீர்க்கதரிசிகளோடு காரியம் முடிந்திருக்கும். பெத்லகேம் தேவையில்லை. கல்வாரியும் தேவையில்லை. வானத்திலிருந்தபடியே எம்மை மன்னித்துவிட்டதாக ஒரு குரல் கேட்கச் செய்திருக்கலாம். ஆனால் அன்புக்கு அது போதவில்லை. வார்த்தையானவர் மாமிசமானார். பசித்தார், களைத்தார், தொழுநோயாளனைக் கையால் தொட்டார், இலாசருவின் கல்லறைக்கு நடந்துபோய்க் கண்ணீர் விட்டார்.

நல்ல சமாரியனின் உவமையிலும் இதனைக் காணலாம். குருவும் லேவியனும் அடிபட்டவனைக் கண்டார்கள்; கண்டதோடு சரி, விலகிப் போனார்கள். சமாரியன் கிட்டப் போனான். தன் கையாலே எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்துக் காயங்களைக் கட்டினான். தன் வாகனத்தில் ஏற்றினான். சத்திரத்தில் அன்றிரவு கூடவேயிருந்தான். மறுநாள்தான் இரண்டு வெள்ளிக் காசுகளைச் சத்திரக்காரனிடம் கொடுத்து, பார்த்துக்கொள், நான் திரும்பி வருவேன் என்றான். முதலிற் கை, பிறகு காசு, அதன் பின்னும் திரும்பி வரும் வாக்கு. இந்த ஒழுங்கைக் கவனியுங்கள்.

எமது நாட்டுக்கும் இப்படி ஒருவர் வந்தார். ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய பின்னர், ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் இங்கிருந்த கத்தோலிக்கர் குருக்களின்றித் தவித்தனர். அந்தச் செய்தி கோவாவில் இருந்த புனித யோசேப் வாஸ் அடிகளுக்கு எட்டியது. ஆறுதலாக நான்கு வரி எழுதி அனுப்பியிருக்கலாம். அவர் 1687இற் கூலியாளின் வேடத்தில் தாமே வந்தார். காலால் நடந்து மறைவாகத் திருப்பலி ஒப்புக்கொடுத்தார். 1697இற் கண்டியில் அம்மை நோய் பரவியது. சொந்த உறவினரே நோயாளிகளைக் கைவிட்டு ஓடினார்கள். அப்பொழுது அவர் அவர்களைத் தேடிச் சென்று, கழுவி, உணவூட்டி, இறந்தோரை அடக்கம் செய்தார். அவரிடம் மருந்து இல்லை, வாகனம் இல்லை. தம்மையே கொண்டுபோனார். பாப்பரசர் பிரான்சிஸ் 2015 ஜனவரி 14ஆம் நாள் கொழும்பில் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கியபோது, இலங்கைக்கு முதற் புனிதர் கிடைத்தார்.

எங்கள் வீடுகளில்

இனி எமது வீடுகளைப் பார்ப்போம். பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில் இருக்க, பெரிய வீட்டில் ஒரு தாய் தனித்திருக்கிறாள். இப்படியொரு வீடு இல்லாத பங்கு வடக்கில் இல்லை எனலாம். மாதந்தோறும் பணம் வருகிறது. மருந்து ஓட்டோவில் வருகிறது. இரவில் கைத்தொலைபேசியில் பேரப்பிள்ளையின் முகம் வருகிறது. விறாந்தையில் விருந்தினருக்கென்று போட்ட கதிரை மட்டும் வெறுமையாய்க் கிடக்கிறது. அந்தக் கதிரையிற் கடைசியாக இருந்தவர் யார் என்று அத்தாயைக் கேட்டுப் பாருங்கள். யோசித்துத்தான் விடை சொல்வாள்.

தூரத்திலிருக்கும் பிள்ளைகளை யாரும் அவசரப்பட்டுப் பழிக்க வேண்டாம். அகதியாகப் போய், திரும்பிவர வழியில்லாத மகன், தாயின் பெட்டியைச் சிறு திரையிற் கண்டு கதறினால், அக்கண்ணீரை ஆண்டவர் சவக்காலையில் நின்று விட்ட கண்ணீரிலும் குறைவாக எண்ணமாட்டார். வர முடியாதவனுக்குத் தொலைபேசி பெரிய இரக்கம். வரக்கூடியவனுக்கோ அதுவே சாட்டாகிவிடலாம்.

இங்கே மற்றொன்றையும் சிந்திப்போம். வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்புவது சமாரியன் கொடுத்த இரண்டு காசுகள் என்றால், அவற்றைப் பெற்றுக்கொண்ட சத்திரக்காரர் யார்? இங்கிருக்கும் உறவினரும் அயலவரும் பங்கு மக்களுமாகிய நாமே. பார்த்துக்கொள் என்ற கட்டளை எமக்கே தரப்பட்டிருக்கிறது. திரும்பி வருகிறவர் கணக்குக் கேட்பார். அப்பொழுது, நாள்தோறும் தொலைபேசியில் விசாரித்தேன் என்பது போதிய விடையாகுமா?

வீட்டுக்குள்ளேயும் இந்தத் தூரம் வந்துவிட்டது. பாப்பரசர் பிரான்சிஸ் 2016இற் குடும்பங்களைப் பற்றி எழுதிய அன்பின் மகிழ்ச்சி என்னும் ஏட்டில், உணவு வேளையில் ஒவ்வொருவரும் தத்தம் கைத்தொலைபேசியில் மூழ்கியிருப்பதையும், கணவன் அல்லது மனைவி மற்றவருக்காகக் காத்திருந்தே உறங்கிப் போவதையும் கவலையோடு குறிப்பிட்டார். ஒரே மேசையிலிருந்து சோறு உண்பவர்கள் நான்கு வெவ்வேறு ஊர்களில் இருக்கிறார்கள். 1979இல் எமது நாட்டுக்குத் தொலைக்காட்சி வந்தபோது, மாலைச் செபமாலை பல வீடுகளிற் பின்தள்ளப்பட்டது என்று பெற்றார் வருந்தினார்கள். அப்பொழுதாவது எல்லோரும் ஒரே படத்தைப் பார்த்தார்கள். இப்பொழுது அந்தப் பெற்றாரின் கையிலேயே ஆளுக்கொரு திரை இருக்கிறது. பிள்ளையைக் குறைசொல்லுமுன் பெற்றார் தம் கையைப் பார்ப்பது நன்று.

செய்யக்கூடியவை

அன்பான வாசகர்களே, கருவிகளை உடைத்தெறியுமாறு யாரும் உங்களைக் கேட்கவில்லை. அவற்றுக்கு உரிய இடத்தைக் கொடுங்கள்.

முதலாவது, ஊருக்குள் ஒரு சாவு நிகழ்ந்தால், இரங்கற் செய்தியை அனுப்புங்கள். ஆனால் அதனை வாக்குறுதியாக எண்ணுங்கள். அடக்கத்துக்குப் போக முடியாவிட்டால், முப்பத்தோராம் நாளுக்கு முன் ஒரு மாலையிற் போய், அந்த வீட்டில் அரை மணி நேரம் இருங்கள். பேசத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய்திறவாமல் அவரருகே தரையில் இருந்தார்கள். அவர்கள் செய்தவற்றுள் நல்லது அதுவே.

இரண்டாவது, மாலையில் ஒரு மணி நேரம், செபமாலைக்கும் உணவுக்குமாக, வீட்டிலுள்ள எல்லாக் கைத்தொலைபேசிகளையும் ஓரிடத்தில் வைத்துவிடுங்கள். தகப்பனுடையது முதலில் அங்கே போகட்டும்.

மூன்றாவது, நடந்து போகக்கூடிய தூரத்தில், நோயாளியோ முதியவரோ தனித்திருக்கும் ஒரு வீட்டைத் தெரிந்துகொண்டு, கிழமைக்கு ஒருமுறை போய்வாருங்கள். போகுமுன் தொலைபேசியில் அறிவியுங்கள். அதற்கு அது மிக நல்ல கருவி. அக்கருவியினூடாக நீங்கள் சொல்லக்கூடிய சொற்களுள் “வாறன்” என்பதைவிட இனிய சொல் வேறில்லை. சொன்னபடி போயும் விடுங்கள்.

தேவதாயாரை எமக்கு முன்மாதிரியாகக் கொள்வோம். கபிரியேல் சம்மனசு அவருக்குக் கொண்டுவந்த செய்தியில் எலிசபெத்தம்மாளின் காரியமும் இருந்தது. முதிர்ந்த வயதில் அவள் கருவுற்று ஆறு மாதமாயிற்று என்று அறிந்தவுடன், மரியம்மாள் மகிழ்ச்சி தெரிவித்து ஆள் அனுப்பவில்லை. எழுந்து, மலைநாட்டுக்கு விரைந்து போனார். வீட்டுக்குள் நுழைந்து வாழ்த்துக் கூறினார். ஏறக்குறைய மூன்று மாதம் அங்கே தங்கினார். அவர் வாழ்த்திய குரலைக் கேட்டுத்தான், கருவிலிருந்த குழந்தை துள்ளியது.

எமது கையிலும் நாள்தோறும் செய்திகள் வந்து விழுகின்றன. அவற்றுள் ஒன்றேனும் இக்கிழமை எம்மை எழுந்து நடக்கச் செய்வதாக. ஆமென்.